எனக்காகத்தான் செய்துகொண்டேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஒவ்வொரு முறை போனிலும் நீ நன்றாக இருப்பதாகச் சொல்கிறாய், அதை நான் நம்பவில்லை, இருந்தாலும் அது நிஜமாகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பா நலம். நான் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை, நடமாடுகிறேன் என்று வைத்துக்கொள். சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், நாற்காலியில் உட்கார்ந்தால் வலது இடுப்புத் தையல் சுருக்கென்று இழுக்கிறது, கையெழுத்து ஏறி இறங்கியிருந்தால் அதனால்தான். கால் வலித்தால் போய்ப் படுத்துவிட்டு வந்து தொடர்வேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ ஒரு பக்கம் நல்லா இருக்கேன் என்கிறாய், நான் ஒரு பக்கம் நல்லா இருக்கேன் என்கிறேன், நடுவில் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். இப்படியே போனால் மூன்று பேரும் நல்லா இருந்தே நாசமாகப் போய்விடுவோம் என்று தோன்றியது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபரேஷனை நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாயாம், அவர் மேல் கோபப்படாதே, அவர் வாயைத் திறக்கவில்லை, கைதான் காட்டிக்கொடுத்தது. கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்த மனிதர், போன வாரம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கமும் இடது கண் லென்ஸை வலது பக்கமும் மாட்டி அனுப்பியிருக்கிறார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து, ‘சார், தெருவே ஒரு பக்கமா சாயுது, எனக்குப் பிரஷரா, இல்ல கண்ணாடியான்னு பாருங்க’ என்றாராம். அப்பா அதை என்னிடம் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், என்ன என்று கேட்டேன், கொட்டிவிட்டார். அம்மாவுக்கே இப்படி ஆகிவிட்டது, எனக்கு மட்டும் என்ன நிச்சயம் என்று நீ கேட்டதைச் சொன்னார். அம்மா எனக்காகத்தானே அதைப் பண்ணிக்கிட்டாங்க, என்னாலதானே இவ்வளவும் என்று நீ அழுததையும் சொன்னார். முதலில் சொன்னதற்கு டாக்டரிடம் போய்ப் பதில் வாங்கி வந்திருக்கிறேன், பின்னால் எழுதுகிறேன். இரண்டாவதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. எனக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள், ரேடியேஷன் கொடுத்தார்கள், நீ லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாய், நானும் வேலைக்குத் திரும்பினேன், அம்மா இரும்பு மாதிரி என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். என் வேலை உனக்குத் தெரியும், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளாடைக்குள் ஒரு பஞ்சுப் பொட்டலம் வைத்துத்தான் சமாளித்தேன். பெல்ட் என் இடது தோளில் ஆரம்பித்து நெஞ்சுக்குக் குறுக்கே இறங்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். அந்தப் பல் டாக்டரைப் பற்றி உன்னிடம் சொன்னேனே, கியரைக் கண்டால் நடுங்குவாரே, அவர்தான். குறுக்கே ஒரு நாய் வந்தது, அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்தேன், நாய் தப்பித்தது, என் பஞ்சு தோள் எலும்புக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த மனிதர் வெளிக்கண்ணாடியை வெகுநேரம் திருப்பிக்கொண்டிருந்தார், பிறகு ‘மேடம், கண்ணாடியை சரி பண்ணிட்டேன், போலாமா’ என்றார். நாம் இருவரும் போனில் சிரித்தோம் இல்லையா, நீ மூச்சு வாங்கச் சிரித்தாய். அவரை வீட்டில் இறக்கிவிட்டபின் காரை ஒரு மரத்தடியில் நிறுத்தி ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுததை நான் சொல்லவில்லை. சிரிக்க வைத்த கதைக்கு அப்படி ஒரு வால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, மகளிடம் எழுதுவதா என்று பேனா நிற்கிறது, உனக்கும் முப்பது தாண்டிவிட்டது, எழுதிவிடுகிறேன். அந்த முதல் ஆபரேஷனுக்குப் பிறகு நான் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உடை மாற்றப் பழகிவிட்டேன். அப்பாவும் அதைக் கண்டுகொண்டார். தன் சொந்த அறைக்குள் வருவதற்கு முன்னால் வெளியே நின்று ஒரு தரம் தொண்டையைச் செருமுவார், யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரி. மரியாதைக்குத்தான் செய்தார், பாவம், ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்தச் செருமலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ அறுந்துபோகும். அது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குளிக்கும்போது குனிந்தால் இரண்டு தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்றுதான் எழுதுகிறேன், தேவை, அவசியம் என்றெல்லாம் கௌரவமாக எழுத வரவில்லை. நீ அந்த ரத்தப் பரிசோதனை செய்து, எனக்கு இந்த நோயைக் கொண்டுவந்த அதே மரபணுக் கோளாறு உனக்கும் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே, உடம்பில் வேறு இடத்துச் சதையை எடுத்துப் புதிதாக மார்பு வைக்க முடியுமா என்று நான் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தேன், அப்பாவைக் கேள். உனக்காக என்று நான் எதையும் தொடங்கவில்லை. நீயும் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு அதே முறையில் புதிதாக வைத்துக்கொள்ளப் போகிறாய் என்றபோது, சரி, நான் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ அதையே பிடித்துக்கொண்டாய்.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்க மாட்டார். என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘பொதுவா வயித்துலேருந்துதான் எடுப்போம், உங்க வயித்துல எடுக்க ஒண்ணுமே இல்லையேம்மா’ என்றார். பிறகு திரும்பி நிற்கச் சொல்லி, இடுப்பெலும்புக்கு மேலே பின்பக்கமாக இருக்கும் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், துணிக்கடையில் துணியின் கனம் பார்ப்பார்களே, அப்படி. இது போதும் என்றார். தோல், கொழுப்பு, அதற்கு ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய் எல்லாவற்றோடும் ஒரு துண்டாக எடுத்து, நெஞ்சில் வைத்து, அங்கே இருக்கும் ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைப்பார்களாம். நூல் தலைமுடியைவிட மெல்லிசு. சில பேருக்கு ஒட்டாமல் போகும் என்பதையும் சொன்னார், மறைக்கவில்லை. வீடு திரும்பும்போது அப்பா காரில் மெதுவாக, ‘கல்யாணம் ஆன நாளா உன் இடுப்பு நல்லா இருக்குன்னு நான் சொல்றேன், ஒரு டாக்டர் வந்து சொன்னாத்தான் நம்புவ’ என்றார். அன்று நான் சிரித்த சிரிப்பு, பாப்பா, அதற்குப் பிறகு அப்படிச் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் விடிந்ததும் ஆரம்பித்து மாலை வரை போனதாம். அப்பா சட்டைப்பையில் அந்தக் குட்டி ஸ்க்ரூ டிரைவரோடு வந்திருக்கிறார், சும்மா உட்கார முடியாமல் காத்திருந்தவர்களின் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கி ஆணி முடுக்கிக் கொடுத்திருக்கிறார், இரண்டு நர்ஸுகளும் ஒரு காவலாளியும் சேர்த்தி. நான் கண் விழித்தபோது கழுத்திலிருந்து முழங்கால் வரை யாரோ மாற்றி மாற்றி அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. குழாய்கள் ஒன்றிரண்டு நெஞ்சிலிருந்து, ஒன்று இடுப்பிலிருந்து. ஆனால் குனிந்து பார்த்தேன், இருந்தது. கட்டுக்கு நடுவே ஒரு ஜன்னல் மாதிரி விட்டிருந்தார்கள், அதன் வழியாக என் இடுப்புத் தோல் என் நெஞ்சில் இருந்தது, கொஞ்சம் வெளுப்பாக, வெயில் படாத நிறத்தில். உயரமான நர்ஸ் ஒருத்தி அடிக்கடி வந்து பேனா மாதிரி ஒரு கருவியை அதன் மேல் வைத்து ரத்தம் ஓடுகிறதா என்று கேட்பாள். எனக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டுவாள். மழையில் கார் வைப்பர் போகுமே, அதே சத்தம், சர்ர் என்று போய் சர்ர் என்று வரும். ‘நல்லா ஓடுது பாருங்கம்மா, இது உங்களுது’ என்றாள். இடுப்பெல்லாம் நெருப்பாக எரிந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்று படுத்திருந்தேன். கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்க்கிற மாதிரி அதை அப்பப்போ எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளும் ஓடியது. அதற்கு அடுத்த நாள் காலையில் அந்த நர்ஸ் கருவியை வைத்தாள், நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள், சத்தத்தைக் கூட்டவில்லை. நிறம் மாறியிருந்தது, அடிபட்ட விரல் நகம் கறுத்துப் போகுமே, அந்த மாதிரி ஓரத்தில் ஆரம்பித்திருந்தது. ‘டாக்டரைக் கூப்பிட்டுட்டு வரேம்மா’ என்று நடந்து போனாள், கதவைத் தாண்டியதும் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் தியேட்டர். மறுபடி விழித்தபோது நான் குனிந்து பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். யாருடைய கண்ணாடியோ ஒன்று அவர் கையில் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நிற்கிற டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இருக்காது. ரத்தம் உள்ளே வந்தது, வெளியே போகிற குழாய் கட்டி அடைத்துக்கொண்டது, திறந்து பார்த்தோம், மறுபடி தைத்துப் பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை, எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். ‘மன்னிச்சிடுங்கம்மா’ என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. பைத்தியக்காரக் கேள்விதான், எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா, அது இரண்டு நாள் என் நெஞ்சில் உயிரோடு இருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. குடிவந்தவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் காலி செய்துகொண்டு போன வீடு மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவை மார்பை எடுத்தபோது நான் இவ்வளவு அழவில்லை, அப்போது உயிர் பயம் இருந்தது, அழ இடமில்லை. இந்தத் தடவை அழுவதற்கு நிறைய இடம் இருந்தது.

நீ போன் பண்ணியது அன்று சாயங்காலம். அப்பா போனை என் காதில் வைத்தார். தொண்டையில் குழாய் விட்டிருந்ததில் குரலே எழும்பவில்லை, கண்ணைத் திறந்தால் தண்ணீர்தான் வந்தது. ‘எனக்காகத்தானேம்மா பண்ணிக்கிட்ட, எனக்குத் தைரியம் வரணும்னுதானே’ என்று நீ கேட்டாய். நான் ம் என்றேன். அது உன் கேள்விக்குச் சொன்ன ஆமாம் இல்லை, உன் குரல் கேட்டதற்கு என்னிடமிருந்து வந்த சத்தம், அவ்வளவுதான். நீ என்ன கேட்டிருந்தாலும் அன்றைக்கு ம் என்றுதான் வந்திருக்கும். அந்த ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டு நீ இத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு அலைகிறாய் என்று தெரிந்ததும் எனக்கு இடுப்பு வலியெல்லாம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. இறக்கி வை கண்ணு. நான் எனக்காகத்தான் செய்துகொண்டேன். ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. அந்தத் துக்கம் முழுக்க முழுக்க என்னுடையது, அதில் உனக்குப் பங்கு கிடையாது, கேட்டாலும் தரமாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்கிறேன். நெஞ்சில் பழைய தழும்பு இருந்த இடத்தில் இப்போது இன்னும் கொஞ்சம் பள்ளம். அதை நான் எதிர்பார்த்திருந்தேன், இடுப்பைத்தான் எதிர்பார்க்கவில்லை. அங்கே ஒரு கை அளவுக்கு வெட்டித் தைத்திருக்கிறார்கள், ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது, பாவாடை நாடா எங்கே கட்டினாலும் அங்கேதான் போய் உட்காருகிறது. எதற்காக வெட்டினார்களோ அது இல்லை, வெட்டியது மட்டும் இருக்கிறது. வலது பக்கம் படுக்க முடியாது, படியேறினால் இழுக்கிறது, இருமினால் கையை வைத்து அமுக்கிக்கொண்டு இரும வேண்டும். இடுப்பிலிருந்து ஒரு டியூப் வெளியே வந்து, முனையில் கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குடுவை, அதில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அப்பாதான் அதைக் காலி பண்ணுகிறார். முதல் நாள் தரையெல்லாம் சிந்தினார், இப்போது நர்ஸ் மாதிரி ஆகிவிட்டார், டியூபை மேலிருந்து கீழே விரலால் வழித்து, அளவு பார்த்து, நிறம் பார்த்து, குடுவையை அமுக்கிக் காற்றை எடுத்து மூடுகிறார். ஒரு நாள் குளிப்பாட்டிவிட்டு, இடுப்பில் அந்த இறுக்கமான துணியைக் கட்டிவிட்டு, துண்டைப் பிழிந்துகொண்டே போனவர் உடனே திரும்பி உள்ளே வந்தார், சீப்பை மறந்துவிட்டாராம். செருமவில்லை. அது நின்றுபோயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை, நான் கேட்டது கிடைத்தது, கேட்ட மாதிரி கிடைக்கவில்லை.

உன் அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் வந்தாள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? உயிர் இருக்கே, அது போதாதா? யார் பார்க்கப் போறாங்க?’ என்றாள். அப்பா அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அன்றைக்கு, ‘அவ பார்ப்பா. அவ பார்த்தா போதாதா?’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பிறகு என்னைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டிவந்தது, அப்பா இல்லை, அவள்தான் துணியை அவிழ்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். அப்படியே வாளிப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ‘இவ்வளவு எடுத்திருக்காங்களா? இவ்வளவும் சும்மாவா போச்சு?’ என்று கேட்டு அழுதாள். எனக்கும் வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை, நானும் அதையேதான் எல்லோரிடமும் கேட்க நினைத்தேன், அவள் கேட்டுவிட்டாள். மறுநாள் ஒரு திண்டோடு வந்தாள், இடுப்பு படாதபடி ஓரத்தில் குழி வெட்டியது, அவள் வீட்டு சோபாவின் பஞ்சையே அறுத்துத் தைத்திருக்கிறாள். மாமா அந்த சோபாவில் உட்கார்ந்து உள்ளே போய்விட்டாராம், எழுப்ப ஆள் தேவைப்பட்டதாம். இப்போது தினமும் வருகிறாள், தினமும் ஏதாவது திட்டுகிறாள், நான் இல்லாத பஞ்சாயத்துகளையெல்லாம் எனக்குச் சொல்கிறாள். அவள் இல்லாவிட்டால் பகல் போகாது.

இனி டாக்டர் சொன்னது. முந்தாநாள் தையல் பார்க்கப் போயிருந்தேன். அவர் இடுப்பைப் பார்த்து முடித்ததும், என் மகளுக்கும் இதே ஆபரேஷன், எனக்கு ஆனது அவளுக்கும் ஆகுமா, நேராகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் உன் வயதைக் கேட்டார், உனக்கு ரேடியேஷன் கொடுத்தார்களா என்று கேட்டார், இல்லை, அவளுக்கு நோயே வரவில்லை, வருவதற்கு முன்னால் எடுக்கிறார்கள் என்றேன். ‘அப்ப ரெண்டும் வேற வேறம்மா. ரேடியேஷன் பட்ட இடத்துல ரத்தக்குழாய் விறைச்சுப் போயிருக்கும், தைச்சா சொன்ன பேச்சு கேட்காது. உங்களுக்கு அதனாலதான் ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க பொண்ணோட நெஞ்சு உங்க நெஞ்சு இல்ல. உங்களைப் பார்த்து அவங்க முடிவு எடுக்க வேண்டாம்’ என்றார். அவளுக்கு அப்படி ஆகவே ஆகாது என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். பிறகு அவரே, இன்னொரு இடுப்பு இருக்கிறது, உடம்பு தேறியதும் யோசிக்கலாம் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து அந்தப் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன், இனி ஆயுசுக்கும் இதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் கட்டிலில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். தைரியமாக வேண்டாம் என்று சொன்னேன் என்று நினைத்துவிடாதே, இன்னொரு முறை அந்தச் சத்தம் நிற்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, அதுதான் காரணம்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. புதிதாக வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பது உன் இஷ்டம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்றாலும் நீ என் பாப்பாதான், இடுப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாலும் என் பாப்பாதான். ஆனால் எடுப்பதைத் தள்ளிப்போடாதே. போன ஸ்கேனில் ஏதோ நிழலாகத் தெரிகிறது, இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம் என்று உன் டாக்டர் சொன்னதை நீதான் என்னிடம் சொன்னாய். என் வழியாகத்தான் இது உனக்கு வந்தது. மூக்கைக் கொடுத்தேன், பிடிவாதத்தைக் கொடுத்தேன், இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன், கேட்டுக் கொடுக்கவில்லை, ஆனாலும் கொடுத்தவள் நான்தான். அந்த ஆபத்தை உன் உடம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேட்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. நாளைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வேண்டாம் என்றேனே, இப்போது வேண்டும் என்று சொல், அவர்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் வர முடியாது, பாப்பா. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. டியூப் எடுத்த பிறகும் உள்ளே நீர் கோத்துக்கொள்கிறதா என்று பார்த்து ஊசியால் எடுக்க வேண்டியிருக்குமாம், விமானத்தில் அத்தனை நேரம் உட்காரக்கூடாதாம், டாக்டரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டேன். நீ பிறந்ததிலிருந்து உனக்குக் காய்ச்சல் வந்து நீ கண் திறந்த ஒவ்வொரு தடவையும் என் முகம்தான் முன்னால் இருந்திருக்கிறது, நீ பெரிய மயக்கத்திலிருந்து கண் திறக்கும் அன்றைக்கு மட்டும் இருக்காது. மார்பு போனதைவிட, இடுப்பு போனதைவிட, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குப் பதில் அப்பா வருகிறார். பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டார், கடையைப் பூட்டிவிட்டு எத்தனை நாளானாலும் இருக்கச் சம்மதம். என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்காதே, அத்தை பெட்டியோடு வந்து தங்கப் போகிறாள், மாமாவையும் அந்த சோபாவையும் அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறாளாம். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது, சோறு குழைந்துபோகும், பேசாமல் சாப்பிடு. ஆனால் டியூப் பார்க்க, குடுவை மாற்ற, குளிப்பாட்ட, கட்டுப் பிரிக்க அவரைப் போல ஆள் கிடைக்காது, எல்லாவற்றையும் என் மேல் பழகியிருக்கிறார். நீ மகள், அவர் அப்பா என்று கூச்சப்படாதே. அவர் கூச்சப்படுவார், நீதான் சகஜமாக இருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் அவருக்குப் பாதி தெரியாது என்று சொல்லிச் சிரிக்க வை.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் வாங்கி வை, கையைத் தூக்கித் தலை வழியாகப் போட முடியாது. இடுப்பில் எலாஸ்டிக் இறுக்குகிற எதுவும் வேண்டாம், தொளதொளவென்று இருக்கட்டும். அடிக்கடி தேவைப்படுகிற சாமான்களையெல்லாம் மேல் தட்டிலிருந்து இறக்கிக் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. ஆபீஸில் என்ன ஆபரேஷன் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, லீவு கேட்டால் போதும். அந்தப் பேனா மாதிரி கருவியை வைக்கும்போது சத்தம் கேட்க வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே யோசித்து நர்ஸிடம் சொல்லிவிடு. எனக்குக் கேட்டதில் வருத்தமில்லை, இரண்டு நாள் கேட்டேனே என்றுதான் இருக்கிறது.

உன் உடம்பில் கத்தி படும்போதெல்லாம் அது நல்லதற்கே பட வேண்டும், தைத்தது தைத்தபடி நிற்க வேண்டும், நீ நரை கண்டு, பல் விழுந்து, என்னைவிட அதிக வயதாகி, என்னைவிட அதிகமாக எல்லோரையும் திட்டிக்கொண்டு வாழ வேண்டும். எனக்குக் கிடைக்காமல் போனது எல்லாம் உனக்குக் கிடைக்கட்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உன் கணக்கில் சேரட்டும்.

மறக்காதே, தேதி முடிவானதும் முதலில் எனக்குப் போன் பண்ணு, அப்பாவுக்கு இல்லை. நான் போனை எடுத்ததும் அழுவேன், அதைக் கேட்டு வைத்துவிடாதே. அழுது முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இரு.

உன் நினைப்பாகவே நிற்கும்,
உன் அம்மா